லைஃப் ஜெக்கட்: வள்ளத்தில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவும் அவரும் மவுஸ்ஸாகலை டேமில் சின்ன ஃபைபர் வள்ளத்தில் வலை போடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நீச்சல் நன்றாகத் தெரியும். கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் பழைய லைஃப் ஜெக்கட் மூன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். வேலைக்கு இடைஞ்சல் என்று அப்பா அதைப் போடுவதில்லை, வள்ளத்தில் வைத்திருக்கிறார். "கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதாதா? பழைய ஜெக்கட் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? அக்கா பிள்ளைகளையும் சில நாள் அக்கரைக்குக் கூட்டிப்போகிறோம், பெரியவர்களின் ஜெக்கட்டையே அவர்களுக்குப் போடலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, கையெட்டும் தூரம் போதாது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் காசல்ரீ டேம் கரையில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பிறகு பல வருடம் கித்துல்கலையில், களனி கங்கையில் ரப்பர் படகு ஓட்டினேன். இப்போது படகு ஓட்ட வரும் பையன்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது எங்கள் டிவிஷனில் ஒருவர் இருந்தார். தண்ணீரில் இறங்கினால் மீன் என்று தோட்டமே சொல்லும். ஒரு நாள் மத்தியானம் தனியாக வலை எடுக்கப் போனார். அடியில் மரக்கட்டை எதிலோ வலை மாட்டிக்கொண்டது. எழுந்து நின்று இழுத்தார். மாட்டிய வலை திடீரென்று விட்டது, அவர் அப்படியே மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். வள்ளம் கவிழவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காமார் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை தலை தெரிந்ததாம். கை தெரியவில்லை, சத்தமும் இல்லை. பிறகு வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வந்தபோது பலகைக்கு அடியில், உரச் சாக்கு ஒன்றுக்குள், இரண்டு ஜெக்கட் பொட்டு ஈரமில்லாமல் இருந்தன. அந்தச் சாக்கை நான் பார்த்தேன்.

அவ்வளவு நீச்சல் தெரிந்தவர் ஏன் நீந்தவில்லை என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. விஷயம் குளிரில் இருக்கிறது.

நம்முடைய டேம்கள் கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கின்றன. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் ஆயிரம் மீட்டருக்கு மேலே. நுவரெலியா கிரகரி வாவி 1,800 மீட்டருக்கும் மேலே. அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பமே 16 பாகைக்குப் பக்கம்தான். குளிர்ந்த தண்ணீரில் உடம்பு திடீரென்று விழுந்தால் தோல் அந்தக் குளிரை உணர்ந்த நொடியில் நெஞ்சு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும். நாம் நினைத்து இழுப்பதில்லை, நினைத்தாலும் நிறுத்த முடியாது. குளிக்கும்போது முதல் வாளியைத் தலையில் ஊற்றியதும் "ஹா" என்று வருகிறதே, அதேதான், ஆனால் பல மடங்கு. அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். அதன் பிறகு ஓரிரு நிமிடம் மூச்சு தாறுமாறாக அடிக்கும். கை கால் இருந்தும் நீச்சல் வராது. கரையில் நின்று மெதுவாகக் கால் நனைத்து, முழங்கால், இடுப்பு என்று இறங்கிக் குளிப்பவருக்கு இது வராது. அதனால்தான் நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது. வள்ளத்தில் வெயிலில் வியர்த்து நின்றவர் ஒரேயடியாக உள்ளே போகும்போதுதான் அது தாக்கும்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர், தானே பனிக்கட்டித் தண்ணீரில் இறங்கிப் பல சோதனை செய்தவர், இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம் கையும் விரலும் வேலை செய்யும். அதன் பிறகு உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். அது உறைபனித் தண்ணீருக்கான கணக்கு. நம் தண்ணீர் அவ்வளவு குளிர் இல்லை, ஆகவே நமக்கு நேரம் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வரிசை அதுதான்: முதலில் போவது மூச்சு, அப்புறம் விரல், கடைசியில்தான் நினைவு. முதல் நிமிடத்தில் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருந்துவிட்டால் மீதியைச் சமாளிக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் ஜெக்கட். பலகைக்கு அடியில் கிடப்பது அந்த நிமிடத்தில் உங்களிடம் வந்து சேராது.

இன்னொன்றும் உண்டு. ஆள் விழுந்ததும் வள்ளம் இலேசாகிவிடும். மலைக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். சாதாரணக் காற்றில்கூட வெறும் வள்ளம் போகிற வேகத்துக்கு உடுப்போடு நீந்திப் பிடிக்க முடியாது. கையெட்டும் தூரத்தில் இருந்த ஜெக்கட் இப்போது வள்ளத்தோடு போய்க்கொண்டிருக்கும். தண்ணீரில் கிடந்தபடி அதைப் போட்டுக்கொள்வதும் சும்மா வேலை இல்லை. பழகும் பையன்களிடம் கரையோரம், கழுத்தளவுத் தண்ணீரில் போடச் சொல்லுவேன். அமைதியான தண்ணீர், பக்கத்தில் நான். அப்படியிருந்தும் பாதிப் பேர் கிளிப்பைப் பூட்டுவதற்குள் தண்ணீர் குடித்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கரையோரக் காவல்படை ஒவ்வொரு வருடமும் படகு விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. மூழ்கிச் செத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜெக்கட் போடாதவர்கள். வருடா வருடம் இதே கதைதான்.

இது இன்றைக்கு நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. 1861 பெப்ரவரி 9இல் இங்கிலாந்தின் விட்பி என்ற ஊரில் பெரிய புயல். கப்பல்களில் மாட்டியவர்களைக் காப்பாற்ற 13 பேர் ஒரு மீட்புப் படகில் திரும்பத் திரும்பக் கடலுக்குப் போனார்கள். கடைசித் தடவை படகு கவிழ்ந்தது. எல்லோரும் கடலோடு பழகியவர்கள். 12 பேர் போய்விட்டார்கள். பிழைத்த ஒரே ஆள் ஹென்றி ஃப்ரீமன். புதிதாக வந்த கார்க் ஜெக்கட்டை அன்றைக்குப் போட்டிருந்தவர் அவர். கார்க்குக்குப் பிறகு ஜெக்கட்டுக்குள் அடைத்தது என்ன தெரியுமா, நம் தலையணையில் இருக்கும் அதே இலவம் பஞ்சு. அது நன்றாக மிதக்கும். ஆனால் மேலுறை கிழிந்தால் நாளடைவில் தண்ணீர் ஏறிவிடும். இப்போது வருவது ஃபோம்.

ஒரு ஆளை மிதக்க வைக்க எவ்வளவு பலம் வேண்டும்? 70 கிலோ ஆள் தண்ணீருக்குள் 70 கிலோ கனக்க மாட்டார். உடம்பில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்குகிறது. தலையை வெளியில் வைத்திருக்கப் பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 கிலோ வரை தூக்குபலம் கூடுதலாக இருந்தால் போதும். ஜெக்கட்டின் உள்பக்க லேபலில் இந்தப் பலத்தை நியூட்டன் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 10 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 என்றால் 5 கிலோ, 100 என்றால் 10 கிலோ, 150 என்றால் 15 கிலோ. ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தர எண்ணும் அருகில் இருக்கலாம். அதன் பின்னால் 5 என்று இருந்தால் 50 நியூட்டன் வகை, 4 என்றால் 100, 3 என்றால் 150.

இவற்றுக்குள் வித்தியாசம் வெறும் எண்ணில் இல்லை. 50 நியூட்டன் வகை நினைவோடு இருக்கிற, நீச்சல் தெரிந்த ஆளுக்கு. அது முகத்தைத் தானாகத் திருப்பி விடாது. தலையில் அடிபட்டு முகம் குப்புறக் கிடந்தால் அப்படியே கிடக்கும். 100க்கு மேல் உள்ள, கழுத்துக்குப் பின்னால் காலர் வைத்த வகைகள் ஆளை மல்லாக்கத் திருப்பும்படி செய்தவை. 150இல் அது இன்னும் உறுதி. பாரமான உடுப்போடு இருந்தாலும் திருப்பும். அப்படியானால் 150தானே நல்லது என்று கேட்பீர்கள். நீச்சல் தெரியாதவருக்கும், அக்கரைக்குப் போக ஏறி உட்காருகிறவருக்கும் ஆம். வலை இழுக்கிற அப்பாவுக்கு நான் 50ஐத்தான் சொல்லுவேன், கைப்பக்கம் அகலமாக வெட்டிய, இடுப்போடு நிற்கிற பெனியன் மாதிரியான வகை. பெரிய காலர் ஜெக்கட் வேலைக்கு உண்மையிலேயே இடைஞ்சல்தான், அப்பா சொல்வது பொய்யில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வதைவிட உடம்பில் கிடக்கிற 50 நூறு மடங்கு மேல். வேலை செய்கிறவர் கழற்றாமல் இருக்கிற ஜெக்கட் எதுவோ அதுவே அவருக்கு நல்ல ஜெக்கட்.

காற்றடைக்கும் வகையைப் பற்றி யாராவது சொன்னால், இப்போதைக்கு வேண்டாம். மெல்லிசாக இருக்கும், கயிற்றை இழுத்தாலோ நனைந்தாலோ வாயு சிலிண்டர் ஊதிவிடும், நல்ல சாமான்தான். ஆனால் ஒவ்வொரு தடவைக்குப் பின்னும் சிலிண்டரை மாற்ற வேண்டும், அடிக்கடி சோதிக்க வேண்டும், தூண்டில் முள் ஒன்று குத்தினால் முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் கூடவே கூடாது.

திருகோணமலையில், நீர்கொழும்பில் கடலில் குளித்துப் பழகிய சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும். கடல் நீர் உப்பினால் கனமானது, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கூடுதல். 70 கிலோ ஆளைக் கடல் தூக்குவதைவிட நம் டேம் தண்ணீர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவாகவே தூக்கும். கடலில் சும்மா மிதந்தவர் இங்கே தாழ்ந்து போவார்.

சரி, அண்ணன் அனுப்பிய பழைய ஜெக்கட்டுக்கு வருவோம். முதலில் கையால் பாருங்கள். தையல் விட்ட இடம் இருக்கிறதா, பட்டியை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் நிற்கிறதா, கிளிப்பு ஒவ்வொன்றும் "டக்" என்று பூட்டுகிறதா. துணியை விரல்நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெயிலில் இற்றுப்போன துணி மாவு மாதிரி உதிரும், அது ஆகாது. ஃபோமை அமுக்கி விட்டால் எழும்ப வேண்டும். அமுங்கியபடியே கிடந்தாலோ உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அதையும் விட்டுவிடுங்கள். யாரோ வருடக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு என்று விற்கிற மெல்லிய சட்டைகளும் ஜெக்கட் மாதிரியே இருக்கும். லேபலில் நியூட்டனோ உடம்பு எடையோ இல்லாத ஒன்றை நம்பி டேமில் இறங்க வேண்டாம்.

அடுத்து, ஒரு ராத்திரிச் சோதனை. இதற்குக் காசு வேண்டாம், ஒரு பெரிய பீப்பாயோ தண்ணீர்த் தொட்டியோ போதும். துணிப்பை ஒன்றில் 8 கிலோ காய்ந்த ஆற்று மணலை நிறுத்துப் போட்டுக் கட்டுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே காற்று நின்றுவிடும். மணல் தண்ணீருக்குள் போனதும் எடை குறையும். 8 கிலோ மணல் தண்ணீருக்குள் 5 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். அதுதான் 50 நியூட்டன். அந்தப் பையை ஜெக்கட்டின் பட்டிகளில் கட்டி மாலையில் தண்ணீரில் விடுங்கள். பை தரையைத் தொடாத ஆழம் இருக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போதும் ஜெக்கட் மேலே நின்றால் அதில் 50 உண்டு. 100 என்று லேபல் போட்ட ஜெக்கட்டானால் 16 கிலோ மணல். போட்டவுடன் மிதந்து விடியும்போது மூழ்கிக் கிடந்தால் ஃபோமில் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அதைத் தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். பட்டிகளை வெட்டிவிட்டு எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவது, போட்டுப் பார்ப்பது. கிளிப்பு எல்லாவற்றையும் பூட்டி, இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பட்டிகளை இறுக்குங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஜெக்கட் ஏறி நாடியையோ காதையோ தொட்டால் அது பெரிது, அல்லது பட்டி தளர்வு. தண்ணீரில் விழும்போது ஜெக்கட் மேலே போகும், ஆள் கீழே போவார். இதைத்தான் நான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன், கித்துல்கலையில் வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம். ஜெக்கட் போட்டிருப்பார்கள், வெக்கையாக இருக்கிறது என்று முன்பக்கத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். படகு ஒரு பாறையில் சரிந்ததும் ஒருவருடைய ஜெக்கட் தலைவழியே கழன்று தனியே மிதந்து போனதை என் கண்ணால் கண்டேன். அவரைப் பிடித்துவிட்டோம். அன்றிலிருந்து நானே ஒவ்வொருவருடைய கிளிப்பையும் கையால் தொட்டுப் பார்க்காமல் படகைத் தள்ளுவதில்லை.

கரையில் சரியாக இருந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலை மடக்கி, தலையைப் பின்னால் சாய்த்துக் கிடந்து பாருங்கள். வாய் தண்ணீருக்கு மேலே நன்றாக நிற்க வேண்டும்.

ரெயின்கோட், கம்பளிச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலேதான் ஜெக்கட். பெண்கள் என்றால் சேலை முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிவிட்டு அதற்கு மேலே. கம்பூட்ஸ் போட்டு வள்ளம் ஏறுகிறவர்கள் நம்மில் அதிகம். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்தால் அது கல் மாதிரி ஆளை அடியில் இழுக்கும் என்று ஒரு பயம் இருக்கிறது. உண்மையில் அப்படி இல்லை, தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரம் இல்லை. பயந்து போய் பூட்ஸைக் கழற்றப் பாடுபட்டு மூச்சை வீணாக்க வேண்டாம். ஆனால் கால் அடித்து நீந்துவதும் திரும்ப வள்ளத்தில் ஏறுவதும் பூட்ஸோடு மிகக் கஷ்டம். ஆகவே வள்ளத்தில் வெறுங்கால் அல்லது கழன்று விடுகிற செருப்பு நல்லது.

நிறம் பெரிய விஷயம். தேயிலை மலையின் பச்சை தண்ணீரில் விழும், அதன்மேல் மிஸ்ட் இறங்கும். நீலமும் கறுப்பும் அதற்குள் காணாமல் போய்விடும். தோடம்பழ நிறம், மஞ்சள், சிவப்பு இவைதான் தூரத்திலிருந்து தெரியும். ஒரு விசிலைத் தோள்பட்டியில் கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். மிஸ்ட் மூடினால் கத்துகிற தொண்டை சில நிமிடத்தில் அடைத்துவிடும், விசில் அடைக்காது. சின்னக் கத்தி ஒன்றும், வலையில் கால் மாட்டினால் அறுக்க.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களின் ஜெக்கட்டைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது, எவ்வளவு இறுக்கினாலும். கைப்பக்கத்து ஓட்டை வழியாகவோ அடிப்பக்கமாகவோ பிள்ளை நழுவிவிடும். பெரியவர்களுக்கு நெஞ்சளவு பார்த்து வாங்குகிறோம், பிள்ளைகளுக்கு எடை பார்த்து வாங்க வேண்டும். லேபலில் இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று இருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கட்டாயம் மூன்று பார்க்க வேண்டும்: கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் காலர், இரண்டு காலுக்கும் இடையால் வந்து முன்னால் பூட்டும் பட்டி, பின்கழுத்தில் தூக்குவதற்கு ஒரு பிடி. வளரும் என்று இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பள்ளிக்கூடச் சட்டைக்கு அது சரி, இதற்குச் சரிவராது. கைப்பிள்ளையை மடியில் வைத்துத் தன் ஜெக்கட்டுக்குள்ளேயே சேர்த்துப் பூட்டுகிற அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்வதுதான், ஆனால் விழுந்தால் அம்மாவின் உடம்பே பிள்ளையை அமுக்கும். புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் வைக்கச் சொல்லுங்கள்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பாலம் வேலை நடந்ததால் பதிலுக்கு ஓடிய பாதை, அதாவது ஆள் கடத்தும் மிதவை, கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்து போனார்கள். அது கடலோரம், இது மலை. ஆனால் காலையில் பிள்ளைகளைத் தண்ணீர் கடத்தி அனுப்புகிற அம்மாமார் இங்கேயும் இருக்கிறார்கள். வள்ளத்தில் எத்தனை ஜெக்கட்டோ அத்தனை ஆள்தான். நான்காவது ஆள் வந்தால் இரண்டாவது நடை போங்கள்.

எப்போது போகக் கூடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலை இடுக்குகளால் புகுந்து திடீரென்று தண்ணீரில் இறங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளுத்திருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை. அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு முன்னே கரைக்கு வந்துவிட வேண்டும். மவுஸ்ஸாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா ஊரே கிடக்கிறது. தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலும் சுவர்களும் மேலே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாதியாக இருக்கும் காலத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் வள்ளத்தின் அடிக்கும் வலைக்கும் எட்டுகிற தூரத்தில் நிற்கும். வலை மாட்டினால் எழுந்து நின்று இழுக்க வேண்டாம். உட்கார்ந்து, வள்ளத்தை வலைக்கு நேர் மேலே கொண்டுபோய், முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வரவில்லை என்றால் அறுத்துவிடுங்கள்.

ஜெக்கட்டால் முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. வான்கதவு திறந்த இடத்துக்குக் கீழே வெள்ளையாக நுரைத்துச் சுழல்கிற தண்ணீரில் பாதி காற்று. அந்தத் தண்ணீருக்குத் தூக்குகிற பலம் இல்லை, சுழற்சி ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். சைரன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அணைக்கட்டுக்கும் வான்கதவுக்கும் சுரங்கவாய்க்கும் பக்கத்தில் வள்ளம் போகக் கூடாது. ஆற்றோரம் தூண்டில் போடுகிறவர்கள், மின்நிலையத்தில் தண்ணீர் விட்டால் மழையே இல்லாமல் ஆறு உயரும் என்பதை மறக்கக் கூடாது.

விழுந்துவிட்டால்? ஜெக்கட் மேலே கொண்டுவரும். நீந்த வேண்டாம். விழும்போதே ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்த முடிந்தால் பொத்துங்கள். தலையைப் பின்னால் சாய்த்து மிதந்தபடி மூச்சு அடங்கும் வரை அப்படியே கிடங்கள். அப்புறம் வள்ளம். கவிழ்ந்த ஃபைபர் வள்ளம் பெரும்பாலும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதுங்கள். கரை பக்கம் என்று தோன்றும், தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது தூரம் ஏமாற்றும். வள்ளம் காற்றில் போய்விட்டால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு உருண்டை மாதிரி மிதங்கள், சூடு தங்கும். இரண்டு மூன்று பேர் என்றால் நெஞ்சோடு நெஞ்சு சேர்ந்து, பிள்ளையை நடுவில் வையுங்கள்.

கரையில் இருப்பவர் குதிக்கக் கூடாது. ஒருவர் விழ, காப்பாற்றப் போய் இரண்டாவது ஆளும் போவது நம் மலையில் எத்தனை வீட்டில் நடந்தது. ஐந்து லீட்டர் கான் ஒன்றில் இரண்டு கை தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, நைலோன் கயிறு கட்டி வள்ளத்தில் ஒன்றும் கரையில் ஒன்றும் வைத்திருங்கள். அந்தக் கொஞ்சத் தண்ணீரின் பாரத்தில் கான் தூரம் போய் விழும், காற்று அடித்துக்கொண்டு போகாது, பிடித்தவரை மிதக்கவும் வைக்கும். வெளியில் எடுத்தவரைப் படுக்க வைத்து, ஈரத் துணியைக் கழற்றி, கம்பளியால் சுற்றுங்கள். சூடு வரட்டும் என்று சாராயம் கொடுப்பது உடம்பை இன்னும் குளிரச் செய்யும். மூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், பிறகு நெஞ்சை அமுக்க வேண்டும். ஒருவர் அதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990க்கு அடிக்கட்டும், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஜெக்கட்டைக் காப்பது சுலபம். நிழலில் தொங்கவிட்டுக் காயவையுங்கள், நம் ஈரக்காற்றில் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டாம், ஃபோம் சுருங்கும். எலிக்கு எட்டாமல். மேலே உட்கார வேண்டாம். மணல் சோதனையை வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

கடைசியாக அப்பா. எனக்கும் இதே கதை இருந்தது, என் சித்தப்பாவோடு. முப்பது வருடம் காசல்ரீயில் வலை போட்டவர், ஜெக்கட்டை வள்ளத்து மூக்கில் மாட்டியே வைத்திருப்பார். நான் சண்டை பிடித்தேன், சித்தி அழுதார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்றைக் கவனித்தேன். வலை போடும்போது நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து காலடியில் வெற்றிலைப் பையைத் தேடுவார். சின்ன ரெக்சின் பை ஒன்றைத் தைப்பித்து, அவருடைய ஜெக்கட்டின் நெஞ்சுப் பட்டியில் கோத்துவிட்டேன். ஜெக்கட்டைக் குத்தித் தைக்கவில்லை, குத்தினால் கெட்டுவிடும். அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. முதல் வாரம் மூக்கில் தொங்கிய ஜெக்கட்டிலிருந்து எடுத்துப் போட்டார். இரண்டாவது வாரம் எழுந்து போய் எடுப்பது அலுத்துப் போய் ஜெக்கட்டையே எடுத்து மாட்டிக்கொண்டார். உங்கள் அப்பா வலை போடும்போது கை அடிக்கடி எதைத் தேடுகிறது என்று நாளைக்குக் காலையில் பாருங்கள், தம்பி.